மூர் மார்க்கெட் தொட்டியும் ஆரம்பாக்கம் தண்ணியும்

ஆரம்பாக்கத்தில் காலை ரயிலேறி உட்கார்ந்தால், ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தள்ளி வண்டி கடைசியாக நிற்கும் இடத்துக்கு ரயில்வே வைத்திருக்கும் பெயர் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ். அங்கே மார்க்கெட் எதுவும் கிடையாது. 1985 மே 30-ம் தேதி அது எரிந்துபோனது. எரிந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் வந்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. தினமும் அதே வண்டியில் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு மூர் யார் என்றும் தெரியாது, மார்க்கெட் எங்கே போயிற்று என்றும் தெரியாது. எனக்கு மறக்காது. என் முதல் மீன் தொட்டி அங்கே வாங்கியது.

1974-ல் எனக்குப் பத்து வயது. நைனா பழவேற்காடு ஏரியில் நண்டும் இறாலும் பிடித்தவர். (எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆந்திரா எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.) ஏதோ ஒரு தடவை நண்டுக்கு நல்ல விலை கிடைத்திருக்கிறது. பட்டணத்தில் வலைநூல் வாங்கப் போனவர் என்னையும் கூட்டிப்போனார். சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சிவப்புக் கட்டடம். சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் காலத்தில், 1900-ல் திறந்த சந்தை அது. பழைய புத்தகம், கிராமபோன், கிளி, முயல், எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு கடையில் கலர் மீன். ஏரி நிறைய மீன் இருக்கிற ஊரிலிருந்து போன பையன், ஒரு சாண் தண்ணீரில் நீந்திய நாலு தங்க மீனைப் பார்த்து அந்த இடத்தை விட்டு நகரமாட்டேன் என்று நின்றேன். இரண்டடி தொட்டி ஒன்றை நைனா வாங்கித் தந்தார்.

அந்தத் தொட்டியைச் சொல்லியாக வேண்டும். நாலு மூலையிலும் இரும்பு ஆங்கிள். வெல்டு அடித்து, ரெட் ஆக்சைடு பூசி, மேலே பச்சை பெயிண்ட். கண்ணாடியை இரும்போடு ஒட்டவைப்பது மக்கு. சுண்ணாம்புப் பொடியும் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்தது. அடியில் கண்ணாடியா தகரமா என்பது இப்போது நினைவில்லை. ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் ஊற்றியது எங்கள் கிணற்றுத் தண்ணீர். ஏரிக்கரைக் கிணறு, கோடையில் வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் ஆங்கிள் மூலையில் துரு பிதுங்கி, மக்கு வெடித்து, ஒருநாள் விடியற்காலை வீட்டுக்குள் தண்ணீர். மீன்கள் அதற்கு முன்பே போய்விட்டிருந்தன. "கடைக்காரன் ஏமாத்திட்டான் நைனா" என்று அழுதேன்.

"அவன் எங்கடா ஏமாத்துனான்? அவன் ஊரு தண்ணிக்கு அது சரி. நம்ம ஊரு காத்துக்கு இரும்பு நிக்குமா? நீயும் கேக்கல, நானும் கேக்கல" என்றார்.

இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாகத் தொட்டி, மோட்டார், தீனி விற்றுப் பிழைக்கிறேன். இந்த வியாபாரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த சரித்திரம் முழுக்க அந்த ஒரு பேச்சுக்குள் அடங்கிவிடும். எது நல்ல சாமான் என்ற கேள்விக்கு எந்த ஊர் தண்ணீருக்கு, எந்த ஊர் கரண்டுக்கு என்று திருப்பிக் கேட்கத் தெரிந்தவன்தான் இதில் நின்றான்.

மீனை உயிரோடு வைத்துக்கொள்வது எங்களுக்குப் புதிதில்லை. தொட்டி வருவதற்கு முன்பே அதற்குச் சாமான் இருந்தது. பறி என்று ஒன்று உண்டு, பனையோலையில் முடைந்த பை. ஏரியின் சேற்றில் உட்கார்ந்தபடி கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள், பறியைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டுக்கொள்வார்கள். இரண்டு கையும் இறாலுக்கு, வாய் பறிக்கு. ஓலை நனைந்திருக்கும்வரை உள்ளே இருப்பது துள்ளும். ஓலையின் இடுக்கில் தண்ணீர் வடியும், காற்று போகும். பச்சை நண்டை உயிரோடு அனுப்பக் காலைக் கயிற்றால் கட்டி, ஈரச் சாக்கைப் போர்த்தி வைப்போம். தண்ணீரில் போட்டு மூடினால்தான் செத்துப்போகும். எந்த ஓலை எத்தனை நாள் தாங்கும், எந்த முடைச்சல் இற்றுப்போகும் என்று கிழவிகள் விரலால் தடவிச் சொல்வார்கள். அந்தத் தடவல்தான் எங்கள் ஊரின் முதல் தரப் பரிசோதனை. பழவேற்காட்டில் பனையோலைப் பின்னல் இன்றும் பெண்கள் கையில் இருக்கிறது. இப்போது அது கைவினைப் பொருள், கண்காட்சிக்குப் போகிறது.

கண்ணாடிக்குள் மீன் வைக்கும் பழக்கம் வெள்ளைக்காரர்களிடம் பிறந்தது. லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் 1853-ல் மீன் கூடம் திறந்தார்கள். அடுத்த வருஷம் பிலிப் ஹென்றி காஸ் என்பவர் எழுதிய புத்தகம் 'ஆக்வேரியம்' என்ற பெயரைப் பரப்பியது. சென்னைக்கு அது வந்துசேர அரை நூற்றாண்டு ஆயிற்று. 1909-ல் மெரினாவில் மீன் காட்சிச்சாலை திறந்தார்கள். ஆசியாவிலேயே முதலாவது என்பார்கள். முதலில் அருங்காட்சியகத்தார் கையில் இருந்தது, 1919-ல் மீன்வளத் துறைக்குப் போனது. கடல் எதிரிலேயே இருந்ததால் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. இரண்டாம் உலகப் போரில், 1942-ல், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து மூடினார்கள். கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிறவனுக்கு அந்தப் பயம் நன்றாகப் புரியும்.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். காற்று மோட்டார் இல்லாமலே வாழும் மீன்களை உலகத்துக்கு முதலில் கதையாகச் சொன்ன ஊர்களில் ஒன்று நம்முடைய தரங்கம்பாடி. டேனிஷ் படையதிகாரி டால்டார்ஃப் 1791-ல் அங்கே பனைமரத்தில் ஒரு மீன் ஏறுவதைப் பார்த்ததாக எழுதிவைத்தார். அவர் சொன்னது பனையேறிக் கெண்டை. மரம் ஏறுமா ஏறாதா என்று வெள்ளைக்காரர்கள் நூறு வருஷம் சண்டை போட்டார்கள். எனக்கு அதில் வேண்டியது வேறு: அந்த மீனுக்குத் தலைக்குள் காற்றை வாங்கி வைக்கும் அறை இருக்கிறது. கௌராமிக்கும் ஃபைட்டருக்கும் அதே ஏற்பாடுதான். கையில் காசில்லாத பையன் வந்தால், முதலில் இவற்றில் ஒன்றைத்தான் எடுத்துக் கொடுப்பேன். மோட்டார் வாங்கப் பணம் சேரும்வரை தாங்கும்.

மூர் மார்க்கெட் எரிந்த பிறகு கடைக்காரர்களுக்கு அல்லிக்குளத்தில் வளாகம் கட்டிக் கொடுத்தார்கள். மீன் வியாபாரம் அங்கே முழுதாகப் போகவில்லை. கொஞ்சம் பிராட்வே பக்கம், கொஞ்சம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு, பெரும்பகுதி கொளத்தூருக்கு. ஊர் பெயரிலேயே குளம், பக்கத்தில் ரெட்டேரி. வயலாக இருந்த இடத்தில் சிமென்ட் தொட்டி கட்டி, மோலி, கப்பி, ஏஞ்சல், கோல்டு ஃபிஷ் என்று வளர்த்து, வட இந்தியாவுக்கு லாரியிலும் விமானத்திலும் அனுப்பப் பழகிக்கொண்டார்கள். நிலத்தின் விலை ஏற ஏறப் பண்ணைகள் செங்குன்றம், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்று வடக்கே எங்களை நோக்கி நகர்ந்தன. அரசே பிறகு வில்லிவாக்கத்தில் வண்ண மீன்களுக்கென்று ஒரு வர்த்தக மையம் கட்ட இறங்கியது.

இதே காலத்தில்தான் சிலிக்கான் பசை வந்து இரும்புத் தொட்டியை ஒழித்தது. ஐந்து கண்ணாடிகள், ஓரத்தில் பசை, அவ்வளவுதான். துருப்பிடிக்க எதுவுமே இல்லை. நைனா அதைப் பார்த்து, "இது நம்ம ஊருக்குன்னே செஞ்சது" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, ஒருமுறை கை சுட்டுக்கொள்ளும்வரை. கடை போட்ட புதிதில் ஒரு ஹார்டுவேர் கடையில் பசைக் குழாய் வாங்கி நானே மூன்று தொட்டி ஒட்டினேன். அழகாக ஒட்டியது, ஒரு சொட்டுக் கசிவு இல்லை. மீன் விட்ட நாலாம் நாள் ஒன்றொன்றாக மிதந்தன. தண்ணீரை மாற்றினேன், மருந்து போட்டேன், சாமிக்கு வேண்டிக்கொண்டேன். பிறகுதான் குழாயின் பின்பக்கம் பொடி எழுத்தைப் படித்தேன்: குளியலறைக்கானது, பூஞ்சை பிடிக்காமல் இருக்க மருந்து சேர்த்தது. பூஞ்சையைக் கொல்லும் மருந்து மீனைச் சும்மா விடுமா? கடைக்காரர் மேல் தப்பில்லை; குழாய் ஓட்டையை அடைக்க என்று கேட்டேன், அதற்குரியதைக் கொடுத்தார். இன்று பசை வாங்கினால் முதலில் மோந்து பார்ப்பேன். காயும்போது வினிகர் வாடை அடிக்கும், வேறு சேர்மானம் இல்லாத சிலிக்கான்தான் தொட்டிக்கு வரும். வாடை இருந்தாலும் பூஞ்சை மருந்து என்று எழுதியிருந்தால் வேண்டாம். ஒட்டியபின் வாடை அடங்கும்வரை காயவிட்டு, இரண்டுமுறை தண்ணீர் நிரப்பிக் கொட்டிவிட்டுத்தான் மீன்.

நான் தொழில் கற்ற இடம் கொளத்தூர் இல்லை, இறால் பண்ணை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் கரையோரம் முழுக்க டைகர் இறால் பைத்தியம் பிடித்தது. உப்பளமும் வயலும் குட்டையாயின. அதுவரை ஏரியைத் தவிர வேறெதுவும் தெரியாத பையன்கள் பண்ணையில் வேலைக்குப் போனோம். 1992-ல் சேர்ந்தேன். அங்கேதான் முதல்முறையாக உப்பின் அளவைக் காட்டும் கருவியைக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டு வெளிச்சத்தைப் பார்த்துத் தூக்கினால் கோடு தெரியும். காற்று ஊதும் பெரிய ப்ளோயர், ஏர் ஸ்டோன், பாலிதீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் மிச்சம் ஆக்சிஜனும் அடைத்து ரப்பர் பேண்டு போடும் வித்தை, எல்லாம் அங்கே கற்றதுதான். இறால் குஞ்சு வந்த பையை அப்படியே குட்டையில் மிதக்கவிட்டு, சூடு சமமான பிறகு திறப்போம். இன்று கடையிலிருந்து மீன் வாங்கிப் போகிறவர்களிடம், பையைத் தொட்டியில் கால்மணி நேரம் மிதக்கவிடுங்கள் என்று சொல்கிறேனே, அது அந்தக் குட்டைக்கரைப் பாடம்.

1994-ல் வெள்ளைப்புள்ளி நோய் வந்து குட்டை குட்டையாக இறால் செத்தது. நிலத்தடி நீர் உப்பாகிவிட்டது, விவசாயம் போயிற்று என்று காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் போட்ட வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. கடலோரத்தில் கூடாது என்றதோடு, சிலிகா, பழவேற்காடு இரண்டு ஏரிகளையும் பெயர் சொல்லி, அந்த ஏரிகளிலிருந்து ஆயிரம் மீட்டருக்குள்ளும் இறால் பண்ணை கூடாது என்றது. எங்கள் கிணறு ஏற்கெனவே கரித்த கிணறு; பண்ணைகள் வந்தபின் பக்கத்து வயல்கிணறுகளும் கரித்தது நிஜம். தீர்ப்பு சரி. ஆனால் எனக்கு வேலை போயிற்று.

மூடிய பண்ணைகளிலிருந்து சாமான் எடைக்கு வந்தது. ப்ளோயர், குழாய், தொட்டி, வலை. பழைய இரும்புக்காரர்கள் அள்ளிப்போனதில் ஒரு ப்ளோயரையும் மூட்டை ஏர் ஸ்டோனையும் நான் வாங்கினேன். 1998-ல் ஜி.என்.டி. சாலையோரம் ஓலைக் கொட்டகையில் கடை. கொளத்தூரிலிருந்து வாரம் ஒருமுறை மீன். பெயர்ப் பலகைகூட இல்லை. "கலர் மீன்காரர்" என்றால் தெரியும்.

மீன் விற்பது சுலபம். மறுநாள் செத்த மீனோடு வரும் ஆளைச் சமாளிப்பதுதான் தொழில். முதல் ஒரு வருஷத்தில் நான் கண்டுபிடித்தது: மீன் சரியாக இருக்கும், தொட்டி சரியாக இருக்கும், மோட்டாரும் ஓடும், ஆனால் கல் சதி செய்யும். எங்கள் ஊரைச் சுற்றிக் கிளிஞ்சல். பக்கத்தில் ஓர் ஊருக்கே சுண்ணாம்புக்குளம் என்று பெயர். ஏரிப்படுகைக் கிளிஞ்சலைத் தோண்டிச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த பிரதேசம். தொட்டிக்கு அழகாக இருக்கும் என்று ஏரிமணலையும் கிளிஞ்சலையும் அள்ளிப் போடுவார்கள். அது மெள்ளக் கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும். அமேசான் காட்டு மழைத்தண்ணீரில் பிறந்த நியான் டெட்ராவை அதில் விட்டால் என்ன ஆகும்? அதே தண்ணீரில் மோலி குடும்பம் நடத்தும். ஆகவே கடையில் ஓர் எலுமிச்சம்பழம் எப்போதும் இருக்கும். கல்லை வைத்து நாலு சொட்டுப் பிழிவேன். நுரைத்தால் சுண்ணாம்புக் கல். உங்களுக்கு மோலி, கப்பி போதும். நுரைக்கவில்லையென்றால் மற்ற மீனைப் பேசலாம். சோதனைப் பெட்டிகள் பின்னால் வந்தன, நானும் விற்கிறேன், எலுமிச்சம்பழத்தை விடவில்லை.

கிளிஞ்சல் எங்களுக்கு என்றால் குளோரின் பட்டணத்துக்கு. மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் மீனின் செவுள் வெந்துபோகும். அதற்கு இன்று சின்ன பாட்டிலில் சொட்டு மருந்து பெரிய விலைக்கு விற்கிறார்கள். அந்தக் காலத்தில் போட்டோ ஸ்டூடியோவுக்குப் போய் ஹைப்போ கேட்போம். படம் கழுவும் அதே சோடியம் தயோசல்பேட் உப்பு. ஒரு பிடி வாங்கினால் வருஷம் ஓடும். ஸ்டூடியோக்கள் டிஜிட்டல் ஆனபின் ஹைப்போ காணாமல் போய், சொட்டு மருந்துக்கு யோகம் வந்தது. இன்றும் உள்ளே இருப்பது பெரும்பாலும் அதுதான், கலர் பாட்டில் மட்டும் புதிது. அவசரமில்லாதவர்கள் பக்கெட்டில் பிடித்து ஒருநாள் திறந்து வைத்தாலும் வெறும் குளோரின் என்றால் போய்விடும். நோய் வந்தால் கல்லுப்பு. பாக்கெட்டில் வரும் தூள் உப்பு வேண்டாம், கட்டி தட்டாமல் இருக்க அதில் ஏதேதோ சேர்க்கிறார்கள்.

சாமானுக்கு நிஜமான பரீட்சை 2008 முதல் 2012 வரை. மின்வெட்டு. சென்னையில் ஒரு மணி, இரண்டு மணி என்று அட்டவணை போட்டார்கள். எங்களுக்கு அட்டவணை கிடையாது, எப்போது வரும் என்பதே கேள்வி. காற்று மோட்டாருக்குள் என்ன இருக்கிறது என்று அப்போதுதான் எல்லோரும் திறந்து பார்த்தோம். ஒரு சுருள், அதன் எதிரே காந்தம் ஒட்டிய கை, கையின் நுனியில் ரப்பர் கிண்ணம். நம் வீட்டுக் கரண்ட் நொடிக்கு ஐம்பது தடவை முன்னும் பின்னும் போய்வரும். கையும் ஐம்பது தடவை துடித்து ரப்பரை அமுக்கும். கரண்ட் குறைந்தால் துடிப்பு தளரும். ரப்பர் விறைத்தால் சத்தம் மட்டும் வரும், காற்று வராது. மோட்டாரின் நம்பகம் பெட்டியில் போட்டிருக்கும் படத்தில் இல்லை, அந்த ரப்பர் கிண்ணம் தனியாகக் கிடைக்குமா என்பதில் இருக்கிறது. கிடைக்காத மோட்டாரை என்ன விலைக்குக் கொடுத்தாலும் கடையில் வைக்க மாட்டேன்.

அந்த நாட்களில் இன்னொரு விபரீதம். கரண்ட் போனதும் மோட்டார் நிற்கும். தொட்டித் தண்ணீர் காற்றுக் குழாய் வழியே பின்வாங்கி மோட்டாருக்குள் இறங்கும். என் மாமா வீட்டில் அப்படி இறங்கி, கரண்ட் திரும்பியதும் பிளக் பாயிண்டில் பொறி பறந்தது. நல்லவேளை, யாரும் கை வைக்கவில்லை. தீர்வு இரண்டு: மோட்டாரைத் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டுவது, அல்லது குழாயில் ஒருவழி வால்வு சொருகுவது. கொசு அளவுச் சாமான், விலையும் ஒரு டீக்காசு சொச்சம். மாமா அதன்பிறகு மோட்டாரைச் சாமி படத்துக்கு மேலே ஆணி அடித்து மாட்டினார். இன்றைக்கும் அங்கேதான் தொங்குகிறது. வயரைத் தளர்வாக விட்டு, அது பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கும்படி வையுங்கள். வழியும் தண்ணீர் வளைவில் சொட்டிப்போகும், பிளக்குக்குப் போகாது.

2008-ல் எல்லைக்கு அந்தப் பக்கம், தடாவுக்கு மேற்கே, ஸ்ரீசிட்டி தொழில் நகரம் வந்தது. வெளியூர் எஞ்சினியர்கள், வாடகை வீடு, மூன்றடி தொட்டி. அவர்களிடம் ஒரு சிக்கல்: கேட்கும் முன்பே எல்லாம் தெரிந்து வருவார்கள். ஒருவர் ஹீட்டர் கேட்டார். "சார், ஆரம்பாக்கத்துல மே மாசம் தொட்டித் தண்ணில முட்டை அவியும், ஹீட்டர் எதுக்கு?" என்றேன். சிரித்துவிட்டு வேறு இடத்தில் வாங்கினார். கோடையில் ஹீட்டரின் சுவிட்ச் ஒட்டிக்கொண்டு, நிற்காமல் சுட்டு, மீனெல்லாம் வெந்தது. இன்னொருவர் கடல்குதிரை கேட்டார். 2001-ல் கடல்குதிரையையும் பவளத்தையும் புலியோடு சேர்த்து வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் போட்டுவிட்டார்கள், வைத்திருந்தால் வழக்கு என்று சொல்லி அனுப்பினேன். எடைக் கணக்கு யாருக்கும் தெரியவில்லை. மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் ஏறக்குறைய 127 லிட்டர். தண்ணீர் மட்டும் 127 கிலோ. கல்லும் கண்ணாடியும் தனி. அதைப் பிளைவுட் டி.வி. ஸ்டாண்டில் ஏற்றுகிறார்கள்! கண்ணாடியின் கனத்தில் ஒரு மில்லிமீட்டர் மிச்சம் பிடிக்கிறார்கள்! அடியில் தெர்மாகோல் விரிக்காமல் வைத்த தொட்டி ஒருநாள் விரிசல் விடும்.

2017 மே மாதம் மத்திய அரசு அலங்கார மீன் கடைகளுக்கென்று ஒரு விதித்தொகுப்பு போட்டது. மீன் இனங்களின் நீண்ட பட்டியல், கால்நடை மருத்துவர், அது இது என்று. கொளத்தூர் கொதித்தது. வருஷ முடிவுக்குள் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பெரும்பாலான விதிகள் மீன் தொட்டியையே பார்க்காதவர்கள் எழுதியது. ஒன்றே ஒன்றில் நான் அரசின் பக்கம்: உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் மீன் வைக்கக் கூடாது என்று இருந்தது. வாய் குறுகிய கிண்ணத்தில் காற்று தண்ணீரைத் தொடும் பரப்பு குறைவு. தங்க மீன் அதில் வாழ்வதில்லை, மெள்ளச் சாகிறது. நான் கிண்ணம் விற்பதில்லை. டேங்க் கிளீனர் மீனும் விற்பதில்லை. விரல் அளவில் வாங்குவார்கள், முழங்கை அளவுக்கு வளர்ந்ததும் ஏரியில் கொண்டுபோய் விடுவார்கள். தென்னமெரிக்க மீன், முதுகெல்லாம் முள். இன்று நம் ஏரிகளில் வலை போடுகிறவனைக் கேளுங்கள், வலையை எப்படிக் கிழிக்கிறது என்று சொல்வான்.

2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் கொளத்தூர் வட்டாரப் பண்ணைகள் மூழ்கின. எனக்கு வாரக்கணக்கில் மீன் வரவில்லை. காலித் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான், சின்ன வயசில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ஏரியில் கிடைக்கும் மீனையே தொட்டியில் விட்டேன். செல்லக்காசு என்று சிலர் சொல்லும் ஆரஞ்சு குரோமைடு. உள்ளங்கைக்குள் அடங்கும், மஞ்சள் உடம்பில் ஒரு கரும்பொட்டு. பெர்லினில் இருந்த பிளாக் என்ற மருத்துவர் 1795-ல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். அவருக்குத் தமிழ்க் கரை மீன்களை அனுப்பிக்கொண்டிருந்தவர் தரங்கம்பாடி மிஷனரி ஜான். ஐரோப்பியத் தொட்டிக்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த மீன், எங்கள் ஏரியில் வலையில் விழுந்தால் சிறிசு என்று கொட்டிவிடுவோம். இதன் பெரியண்ணன் செத்தக்கெண்டை. கேரளத்தில் அதைக் கரிமீன் என்று கொண்டாடி 2010-ல் மாநில மீனாக்கிவிட்டார்கள். அண்ணன் உடம்பில் ஒட்டும் பூச்சியைத் தம்பி கொத்தித் தின்பதும் உண்டு. கிளிஞ்சல் தண்ணீர், கரிக்கும் தண்ணீர், எதற்கும் அலட்டிக்கொள்ளாது. சென்னையில் இருக்கும் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தார் இப்போது இத்தகைய உவர்நீர் அழகு மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்துத் தருகிறார்கள். ஏரியிலிருந்து அள்ளத் தேவையில்லை.

ஐம்பது வருஷத்துக்கு முன்பு அந்தக் கிணற்றுத் தண்ணீருக்கு இந்த மீனைக் கேட்டிருக்க வேண்டும். மூர் மார்க்கெட் வரைக்கும் போயிருக்க வேண்டியதே இல்லை.

கடைக்கு வருகிறவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். தொட்டி எத்தனை அடி, மீன் என்ன கலர் என்று முடிவு செய்துகொண்டு வராதீர்கள். உங்கள் வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீர் ஒரு லிட்டர் பாட்டிலில் கொண்டு வாருங்கள். திங்கட்கிழமை தவிர மற்ற நாள் கடை உண்டு.